சுண்ணாம்புக் காரைதான்

இடிந்து கிடந்த கல் வீட்டை விடுமுறைக் குடிலாக மீட்டெடுக்கும் வேலையில், சிமெண்ட் பூசச் சொன்ன அனைவருக்கும் மறுப்புச் சொல்லிவிட்டேன். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவைப்பதால், ஈரம் கல்லின் வழியே வெளியேற முயன்று, மென்மையான கல்லின் முகமே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். வடக்குச் சுவரில் யாரோ பூசியிருந்த சிமெண்டை உளியால் பெயர்த்தபோது, பின்னாலிருந்த பழைய காரை ஈர மணலாக விரலில் ஒட்டியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லவே இறுகும் என்பதால், அதற்குள் காய்ந்துவிடாதபடி ஈரச் சாக்குகளால் மூடிவைத்துப் பொறுமையாகக் காத்திருக்கிறோம்.

ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டுருவாக்கம் நின்றுவிட வேண்டும் என்கிறது பழமையான கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான, 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். எனக்கும் அதுவே சரியெனப் படுவதால், சான்று கிடைக்காத மாடத்தை அப்படியே விட்டுவிட்டு, கூரையைப் புதியது என்று தெரியும்படியே அமைக்கிறோம்.