ஆறுதலாக விசாரித்தார்கள்

கோலாலம்பூரில் அகதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் ஒரு சிறு குழுவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தபோது வேலை சுலபம் என்றுதான் நினைத்தேன். என் மேசைக்கு வருகிறவர்கள் இலங்கைத் தமிழர்கள். நான் மலேசியத் தமிழன். பர்மிய மொழிகள் தெரிந்த ஆள் கிடைக்காமல் பக்கத்து மேசைகள் திண்டாடும்போது, நமக்கென்ன என்ற மிதப்பு.

இரண்டாம் வாரத்திலேயே அது இறங்கிவிட்டது. வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) முகாமில் தன்னை "ஆறுதலாக விசாரித்தார்கள்" என்றார். கனிவாக விசாரித்தார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வழக்கறிஞர் அப்படியே எழுதிக்கொண்டார். வாக்குமூலத்தைத் திருப்பித் தமிழில் வாசித்துக் காட்டியபோது அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கனிவாகவா? அவசரப்படாமல், விடிய விடிய விசாரித்தார்கள் என்றல்லவா சொன்னேன், தம்பி?"

அவர் ஊரில் ஆறுதலாக என்றால் மெதுவாக, நேரம் எடுத்து. சொந்த நாடும் இந்த நாடும் அல்லாத, அகதிகளை ஏற்றுக் குடியமர்த்தும் மூன்றாம் நாடு ஒன்றுக்குப் பரிந்துரைக்க ஐ.நா. அகதிகள் ஆணையம் வைத்திருக்கும் வகைகளில் ஒன்று, சித்திரவதைக்கு ஆளானவர்கள். அந்த ஒரு சொல்லால் அக்காவை அதிலிருந்து நானே வெளியே தள்ளியிருப்பேன். திருப்பி வாசிப்பதை நேர விரயம் என்று அதுவரை முணுமுணுத்தவனும் நான்தான்.

இன்னொரு சொல்லில் அவரைப் பயமுறுத்தியும்விட்டேன். "உங்கள் மீள்குடியேற்றம் பற்றிப் பேசலாம்" என்றதும் முகம் வெளிறியது. 2009இல் போர் முடிந்து செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டவர்களுக்கு, மீள்குடியேற்றம் என்றால் அரசாங்கம் பஸ்ஸில் ஏற்றிப் பழைய ஊருக்கே அனுப்புவது. நான் சொன்னது மூன்றாம் நாட்டில் குடியமர்வதை. அவரோ திருப்பி அனுப்பப் போகிறோம் என்று நினைத்துவிட்டார். அன்றிலிருந்து என் வாயில் "மூன்றாம் நாடு" மட்டும்தான்.

தேதிகள் வேறு கதை. படிவம் நாள், மாதம், ஆண்டு கேட்கும். அக்காவோ "பாதை பூட்டிய பிறகு வந்த மாரியில்" என்பார். வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. அப்படியென்றால் அந்த ஆண்டின் கடைசி மாதங்கள். அவர் கணக்கு துல்லியமானது, எனக்குத்தான் விளங்கவில்லை. ஆனாலும் நாமாக ஒரு தேதியை நிரப்பிவிடக் கூடாது. அடுத்த நேர்காணலில் வேறு தேதி வந்தால், பொய் சொல்கிறார் என்ற சந்தேகம் அவர்மேல்தான் விழும். "2006 இறுதியில், மழைக்காலத்தில்" என்று எழுதுவோம். பெயரிலும் இதே இழுபறி: ஓர் ஆவணத்தில் தந்தை பெயர், மற்றதில் கணவர் பெயர், இரண்டும் ஒரே பெண் என்று விளக்க ஒரு சத்தியக் கடுதாசி.

மலேசியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. இங்குள்ள குடிநுழைவுச் சட்டத்தில் அகதி என்ற சொல்லுக்கு இடமில்லை. அனுமதியின்றி நுழைந்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஆறு பிரம்படி வரையும் விதிக்கலாம். ஆணையம் அகதிகளுக்குத் தரும் யு.என். கார்டு காட்டினால் போலீஸ்காரர் விடலாம், விடாமலும் போகலாம். சட்டப்படி வேலை செய்ய முடியாது. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இடம் கிடைப்பது அரிது. உலக அகதிகளில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர்கூட மூன்றாம் நாட்டுக்குப் போவதில்லை. ஆணையம் பரிந்துரைக்கத்தான் முடியும். முடிவு அந்தந்த நாட்டுடையது. 2025 ஜனவரியில் அமெரிக்கா அகதிகளை ஏற்பதை நிறுத்தி வைத்தபோது, எங்கள் அலுவலகத் தொலைபேசி நாள் முழுக்க ஒலித்தது. "பணம் கொடுத்தால் பெயரை முன்னுக்குக் கொண்டுவருவார்களாமே?" என்று கேட்டவர்களே அதிகம். இதில் எந்தக் கட்டத்திலும் கட்டணம் கிடையாது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. இருந்தும் கடன் வாங்கித் தரகரிடம் கொடுத்தவர்களை அறிவேன்.

அக்கா கொடுக்கவில்லை. அவரிடம் இரண்டு கைப்பேசிகள் இருக்கின்றன. பழையதன் திரை உடைந்துவிட்டது, பொத்தான்களும் சரியாக வேலை செய்வதில்லை. ஆனால் ஆணையத்தில் பதிந்திருப்பது அந்த எண்ணைத்தான். மாதாமாதம் அதற்குப் பணம் ஏற்றுகிறார். சென்ற முறை வந்தபோது அதை என் மேசையில் வைத்து, "மணி அடிக்கிறதா என்று ஒரு தடவை எடுத்துப் பாருங்கள் தம்பி" என்றார். அழைத்துப் பார்த்தேன். அடித்தது.