நோயாளி மறுத்தார்

"போட்டுக்கவா, வாணாமா சிஸ்டரு?"

இப்படித்தான் கேட்டார் என்று எழுதுகிறேன். உண்மையில் அந்த அம்மாவின் வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. வாய்ப்புற்று. கன்னத்தில் கட்டு, மூக்கில் ட்யூப். பாதியை வாயாலும் மீதியைக் கையாலும் சொல்வார், மகள் எனக்குத் திருப்பிச் சொல்வாள். அன்றைக்கு மகள் திருப்பிச் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்துதான் பதில் சொன்னேன்.

"உங்க இஷ்டம்மா."

கேட்டது மார்ஃபின் என்ற வலி மாத்திரையைப் பற்றி. மாலை 6 மணி மாத்திரையும் ராத்திரி 10 மணி மாத்திரையும். அன்று ராத்திரி பிள்ளை வருகிறான். நாசிக்கிலிருந்து சென்னைக்கு வெங்காய லோடு. பள்ளிகொண்டா டோல் பக்கத்தில் லாரியை ஓரங்கட்டி, யாராவது பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்தால், குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டில் ஒரு மணி நேரம் உட்காரலாம். அதற்கு மேல் வெங்காயம் தாங்காது. வைகாசியில் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வந்து போனவன், அதன்பிறகு வரவில்லை. அப்போது அம்மாவுக்கு ட்யூப் கிடையாது. கன்னம் வீங்கியிருந்தது, ஆனால் உடையவில்லை.

மூன்று நாள் முன்புதான் டோஸை ஏற்றியிருந்தோம். 10 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு ஒன்றாக இருந்தது இரண்டாயிற்று. காலை 6, 10, பகல் 2, மாலை 6. ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரட்டிப்பு, அதாவது நான்கு. நடுராத்திரி 2 மணிக்கு எழுப்பாமல் இருப்பதற்காக அப்படி. டோஸ் ஏற்றிய புதிதில் ஆளைத் தூக்கத்தில் அசத்தும், நாலைந்து நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். அந்த அம்மா அசத்தலில் இருந்தார். பிள்ளை வந்து நிற்கும்போது தான் தூங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற பயம். இதைவிட நியாயமான கேள்வியை ஒரு நோயாளி என்னிடம் கேட்டதில்லை.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ் நான். பகல் இரண்டரை மணி. இன்னும் இரண்டு வீடு பாக்கி. அதில் ஒன்று பேர்ணாம்பட்டு பக்கம், புண்ணில் புழு என்று காலையிலேயே போன் வந்திருந்தது. வெளியே டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்துவிட்டார். அது மட்டுமில்லை. நோயாளியின் விருப்பத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அவர் உடம்பு, அவர் வலி, அவர் பிள்ளை. நான் யார் போடு என்று சொல்ல? இப்படி நினைத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் வருகிறது.

ஆனால் ஹாரன் எல்லா வீட்டு வாசலிலும்தான் அடிக்கிறது.

மார்ஃபின் கொடுக்கிற வீட்டுக்கெல்லாம் நான் போய் முதலில் பார்ப்பது சுவர்க்கடிகாரம் ஓடுகிறதா என்பதைத்தான். வலி வந்தபிறகு தேடிப் போடுகிற மாத்திரை இல்லை இது, வலி வருவதற்கு முன்னால் மணி பார்த்துப் போட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே எழுதிவைத்த விதி. ஒரு வேளை தாண்டிவிட்டால் வலி ஏறிவிடும், ஏறியதை இறக்க வழக்கமான டோஸ் போதாது. இதை அந்த வீட்டிலேயே மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். கடிகாரம் நின்றுபோயிருந்ததைப் பார்த்து செல் வாங்கிப் போடச் சொன்னதும் நான்தான்.

மகள் என்னைவிடக் கெட்டிக்காரி. அம்மாவும் அவளும் பீடி சுற்றிப் பிழைத்தவர்கள். அம்மாவுக்குப் பல வருஷமாக வாயில் புகையிலை அடக்குகிற பழக்கம், கை எட்டும் தூரத்தில் எப்போதும் இருந்தது அதுதான். இப்போது மகள் மட்டும் கட்டில் ஓரமாக மடியில் முறத்தை வைத்துச் சுற்றுவாள். வேளைக்கு ஒன்று என்று ஐந்து பீடி இலையை அளவாக வெட்டி ஒரு தகர டப்பாவில் வைத்திருப்பாள். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ட்யூபில் விட்டதும் ஓர் இலை பக்கத்து டப்பாவுக்குப் போகும். ராத்திரிக்கான இலையில் மட்டும் நூலால் ஒரு முடிச்சு, நான்கு மாத்திரை என்று அர்த்தம். நாங்கள் அச்சடித்துக் கொடுத்த அட்டை அந்த வீட்டில் அலமாரிக்கு மேலே கிடந்தது.

ராத்திரி பன்னிரண்டே முக்காலுக்குப் போன். "சிஸ்டர், அம்மா கத்துது." பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. வாய் திறக்க முடியாதவர் கத்தினால் எப்படி இருக்கும் என்று எழுதப்போவதில்லை. உடனே இரண்டு மாத்திரை கொடு என்றேன். டாக்டரை எழுப்பிக் கேட்டேன், ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் இன்னும் இரண்டு என்றார். அதையும் சொன்னேன். அவள் பயந்துபோய் முதல் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள். வலி அடங்க விடிந்துவிட்டது.

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். "6 மணி மாத்திரையைப் போட்டுக்கோங்கம்மா. ராத்திரி நாலை மட்டும் தம்பி வந்துட்டுப் போனப்புறம் போடலாமான்னு டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்." இதைச் சொல்ல எத்தனை நொடி ஆகும்? அதுவும் அன்று சாயங்காலமே தோன்றிவிட்டது. வேலூர் திரும்பும்போது பள்ளிகொண்டாவில் பாலாற்றுப் பாலத்தின் மேல் ஜீப் போய்க்கொண்டிருந்தது, கீழே வெறும் மணல், மணி ஐந்தரை. போன் மடியில்தான் இருந்தது. டவர் இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். டவர் இருந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். எதனால் அப்படித் தோன்றியது என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஆறாவது வீட்டை முடித்துவிட்டு வந்தேன் என்பது பதில் ஆகுமா?

இரண்டு நாள் கழித்துப் போனேன். தகர டப்பாவில் முடிச்சுப் போட்ட ஓர் இலை தனியாக ஒதுங்கிக் கிடந்தது, மகள் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் வைத்திருந்தாள். அம்மா தெளிவாக இருந்தார். அசத்தல் போயிருந்தது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் என்று நினைக்கத்தான் செய்தேன். லாரிக்கு அதெல்லாம் தெரியாது.

"தம்பியப் பாத்தீங்களாம்மா?" என்றேன்.

அவர் சொன்னது புரியவில்லை. மகள் சொன்னாள்: "நான் பாத்துட்டேன், அவன்தான் என்னப் பாக்கலன்னுது. செவுத்தையே பாத்துகினு நின்னான் சிஸ்டர். போறப்ப காலத் தொட்டுட்டு ஓடிட்டான்."

அந்த அம்மாவின் முகத்தில் குறை இருந்ததா, நிறைவு இருந்ததா என்று பார்த்தேன். பாதி முகம் கட்டுக்குள் இருக்கும்போது அதெல்லாம் அவ்வளவு எளிதில் தெரியாது. வலியோடு விழித்திருந்தது அவருக்கு லாபமா நஷ்டமா என்று நான் கணக்குப் போடுவதும் சரியில்லை. மாத்திரை போட்டிருந்தால் பிள்ளை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தூங்குகிற முகத்தை நிதானமாகப் பார்த்திருப்பான். பிள்ளைக்கு அது நல்லது. ஆனால் கேட்டவர் பிள்ளை இல்லையே.

பிறகு மாத்திரையை எண்ணினேன். நான்கு அதிகம். மார்ஃபின் என்றால் ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு இந்த மாத்திரையை வைத்திருக்கவே ஆஸ்பத்திரிகள் பயந்த காலம் இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி லைசென்ஸ் தொல்லையைக் குறைத்தார்கள். இருந்தாலும் நோட்டில் எண்ணிக்கை இடித்தால் காரணம் எழுத வேண்டும், அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதினேன்: "நோயாளி மறுத்தார்."

எழுதும்போது கை நிற்கவில்லை. அந்தக் கட்டத்தில் எல்லோரும் எழுதுகிற வார்த்தை அது. வாரக் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்ட அரை நிமிஷம்கூட ஆகவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அவர் மறுக்கவில்லை, கேட்டார். மறுத்தார் என்றால் நான் போடச் சொன்னேன் என்று ஆகிறது.

இப்போது எங்களோடு ஜீப்பில் வருகிற புதுப் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது: வழி கேட்கிற நோயாளியிடம் உங்க இஷ்டம் என்று சொல்லாதீர்கள், அது மரியாதை மாதிரி இருக்கும், பாதி நேரம் கைகழுவுவதுதான். நன்றாகத் தலையாட்டுகிறார்கள். போன வாரம் ஒடுகத்தூர் பக்கம் ஒரு தாத்தா, ட்யூபை எடுத்துவிடலாமா, ஒரு வாய் டீயாவது நாக்கில் படட்டும் என்றார். புரை ஏறும், ஆபத்து என்பதை விளக்கினேன். எல்லாம் கேட்டுக்கொண்டு மறுபடி என் முகத்தையே பார்த்தார். "உங்க இஷ்டம் தாத்தா" என்றேன். அங்கே அதுதான் சரி என்று இப்போதும் நினைக்கிறேன். கூட வந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

குடியாத்தத்து அம்மா புரட்டாசியில் போய்விட்டார். வலி இல்லை, கடைசி மூன்று நாளும் தூக்கம்தான். மிச்ச மார்ஃபினைத் திரும்ப வாங்கக் காரியம் முடிந்த மறுநாள் போயிருந்தேன். மகள் முறத்தை இறக்கிவைத்துவிட்டு மாத்திரைப் பையை எடுத்துவந்தாள். பேச்சோடு பேச்சாக, குற்றம் சொல்கிற குரலே இல்லாமல் சொன்னாள்: "அன்னிக்கி நீங்க போடுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மா போட்டுகினு இருக்கும் சிஸ்டர். எங்க பேச்சக் கேக்காது. நீங்க சொன்னா கேக்கும்."

நான் மாத்திரையைத் தரையில் கொட்டி எண்ண ஆரம்பித்தேன். 38. நோட்டைப் பார்த்தேன், அதுவும் 38. அவள் நம்பவில்லையோ, பழக்கமோ, அவளும் குனிந்து எண்ணினாள். நாளெல்லாம் பீடி எண்ணுகிற விரல். இரண்டிரண்டாகத் தள்ளிக்கொண்டே போனாள்.

"சரியாகீது சிஸ்டர்" என்றாள்.