75 மில்லி இரத்தம்

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சையில் நிபுணராக எவ்வளவு காலம் படிக்க வேண்டும் என்று இளையவர்கள் கேட்கும்போது நான் கணக்கை மறைப்பதில்லை. பயிற்சி ஆண்டையும் சேர்த்து எம்.பி.பி.எஸ். 5½ ஆண்டு, குழந்தை மருத்துவத்தில் எம்.டி. 3 ஆண்டு, பிறகு நீட் உயர் சிறப்புத் தேர்வு எழுதி டி.எம். நியோனேட்டாலஜி 3 ஆண்டு. எனக்கு முதல் முறை கிடைத்த தரவரிசையில் விரும்பிய இடம் அமையாததால் இன்னும் ஓராண்டு கூடியது.

டி.எம். சேர்ந்த புதிதில், இத்துறை முழுவதும் கைத்திறன்தான் என்று நம்பினேன். தொப்புள்கொடியின் வெட்டுமுகத்தில் இரண்டு தமனிகளுக்கு நடுவே சிரையை அடையாளம் கண்டு மெல்லிய குழாயைச் செலுத்துவதும், 27 வாரத்தில் பிறந்த குழந்தையின் மூச்சுக்குழலில் 2.5 மி.மீ. குழாயைப் பொருத்துவதும் சில மாதங்களில் கைவந்தன. சற்றுக் கர்வமும் கூடவே வந்தது.

அது கலைந்தது ஓர் இரவுப் பணியில். 900 கிராம் எடையில் பிறந்து வென்டிலேட்டரில் இருந்த பெண் குழந்தைக்கு விடியற்காலையில் மீண்டும் இரத்தவாயுப் பரிசோதனை செய்யலாம் என்று நான் சிரிஞ்சின் உறையைப் பிரித்தபோது, அருகில் நின்ற மூத்த சிஸ்டர், "சார், நேத்துக் காலையில இருந்து எவ்வளவு எடுத்திருக்கோம்னு கூட்டிப் பாத்தீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டார். கூட்டினேன், 4 மில்லி வந்தது. கிலோவுக்கு 80 முதல் 90 மில்லி என்ற கணக்கில் அக்குழந்தையின் மொத்த இரத்தமே ஏறத்தாழ 75 மில்லிதான். 5 லிட்டர் இரத்தம் ஓடும் பெரியவர் ஒருவரிடம் ஒரே நாளில் கால் லிட்டருக்கு மேல் உறிஞ்சியதற்கு அது சமம். இரண்டு நாள் கழித்து அவளுக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. அதில் நோயின் பங்கு பாதி என்றால், என் பங்கு மீதி.

அதன் பிறகே, எதைச் செய்யாமல் விடுவது என்பதையும் பாடமாகப் படிக்கத் தொடங்கினேன். 1940களிலும் 50களிலும் இன்குபேட்டருக்குள் தாராளமாகச் செலுத்தப்பட்ட ஆக்சிஜனால் குறைமாதக் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பார்வை இழந்ததை எம்.டி. தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழந்தையின் மானிட்டரில் இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 100 சதவீதம் என்ற எண்ணைக் கண்டு தகப்பனார் மகிழும் அதே நொடியில், அந்தச் செறிவை 95க்குக் கீழே இறக்கக் குமிழை நோக்கி நம் கை தானாகப் போவதற்கு ஓராண்டுப் பழக்கம் தேவைப்பட்டது.

அந்தக் குழந்தை வென்டிலேட்டரிலிருந்து விடுபட்ட பின், கங்காரு முறையில் மார்போடு அணைக்க அதன் தாயை அழைத்தோம். இன்குபேட்டர் பற்றாக்குறையால் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1970களின் இறுதியில் தோன்றிய முறை இது. "ஒயரெல்லாம் இருக்கே, டாக்டர், நான் தொடலாமா?" என்று அவர் தயங்கினார். சிஸ்டர்தான் குழந்தையை எடுத்துச் சேலைக்குள் வைத்து, தலையை ஒருபுறம் திருப்பிவிட்டார். அந்த ஒரு மணி நேரம் அலாரம் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. எனக்கும் அங்கே வேலை இருக்கவில்லை.

இன்று நான் பொறுப்பு வகிக்கும் பிரிவில் ஒவ்வொரு குழந்தையின் தாளிலும் எடுத்த இரத்தத்தை 0.1 மில்லி வரை குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாத தாளில் நான் கையெழுத்திடுவதில்லை.