செந்தூரா கலர்ல ஒரு சைக்கிள்

பொங்கலுக்கு நாலு நாள் லீவு. ஓசூர்ல இருந்து காவேரிப்பட்டணம் பக்கத்துல எங்க ஊருக்கு வந்தவன் கரும்பு கடிச்சிட்டு சும்மா படுத்திருக்கலாம். மாட்டுக்கொட்டாய்ல தவுட்டு மூட்டைக்கு முட்டுக் குடுத்து நின்னுட்டிருந்த பழைய சைக்கிள் கண்ணுல பட்டுச்சு, அவ்ளோதான். பதினொண்ணாவது படிக்கும்போது ஸ்கூல்ல குடுத்த இலவச சைக்கிள், 2001-02ல முதல்ல பொண்ணுங்களுக்குன்னு ஆரம்பிச்சு அப்புறம் பசங்களுக்கும் வந்துச்சே, அந்தத் திட்டத்துல வந்தது. அப்போ ஸ்டாண்டுல நிறுத்துனா எல்லா வண்டியும் அச்சு அசலா ஒண்ணாவே இருக்கும், என்னோடதுக்கு அடையாளம் ஹேண்டில்பார்ல அம்மா கட்டிவிட்ட சிவப்பு கயிறு மட்டும்தான். இத்துப்போன அந்தக் கயிறு இன்னும் அதுலயே இருந்துச்சு.

இந்தத் தடவை ஊர்ல எவன்கிட்டயும் இல்லாத கலரா இருக்கணும்னு முடிவு பண்ணேன். செந்தூரா மாம்பழக் கலர். காம்புப் பக்கம் செவசெவன்னு ஆரம்பிச்சு கீழ வர வர மஞ்சளாகும்ல, அதே மாதிரி ஹேண்டில் கிட்ட சிவப்பு, சீட்டைத் தாண்டி பின்னாடி போகப் போக மஞ்சள். மனசுக்குள்ள சூப்பரா இருந்துச்சு.

கழட்டறதுலயே முதல் நாள் போச்சு. பெடல் கட்டையைப் பிடிச்சிருக்கற காட்டர் பின் துரு ஏறி உறைஞ்சு கிடந்துச்சு, நேரா சுத்தியால அடிச்சா மரை நசுங்கிடும், நட்டை பின்னோட முனை வரைக்கும் லூஸ் பண்ணி விட்டுட்டு அடியில கட்டை முட்டுக் குடுத்து ஒரே போடு போடணும். இடது பெடல் வேற தலைகீழ் மரை, அதை மறந்துட்டு பத்து நிமிஷம் இறுக்கிட்டு இருந்திருக்கேன். பேரிங்ல இருக்கற குட்டி இரும்பு பால்ஸ் எல்லாம் பழைய சந்தனக் கிண்ணத்துல போட்டு மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சேன்.

அப்புறம் பெயிண்ட் ரிமூவர். கூழ் மாதிரி இருக்கும், பிரஷ்ல தடவி விட்டா கொஞ்ச நேரத்துல பழைய பெயிண்ட் அப்பளம் மாதிரி பொங்கி வரும், தகட்டால சுரண்டி எடுத்துடலாம். கிளவுஸ் போடாம தொட்றாதீங்க, மணிக்கட்டுல ஒரு சொட்டு பட்டதுக்கே நெருப்பு வெச்ச மாதிரி எரிஞ்சுது. மிச்சத்தை 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வெள்ளி மாதிரி பளபளன்னு ஆக்கிட்டு, கை வலின்னு திண்ணையில சாத்திட்டுப் படுத்துட்டேன். நம்ம பக்கம் தை மாசப் பனி தெரியும்ல? காலையில பாத்தா ஃபிரேம் பூரா லேசா காவிக்கலர், வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்கல. தேய்ச்ச அன்னிக்கே பிரைமர், அதான் கலருக்கு அடியில அடிக்கற முதல் பூச்சு, அடிச்சிருக்கணும், திரும்பத் தேய்.

பிரைமருக்கு எதுக்குக் காசுன்னு பொங்கலுக்கு வீட்டு இரும்பு கேட்டுக்கு அடிச்ச ரெட் ஆக்சைடு மிச்சம் இருந்துச்சு, அதையே அடிச்சேன். பெரியப்பா அந்தப் பக்கம் போனவரு நின்னு பாத்தாரு. "ஏன்டா, மாட்டுக் கொம்புக்கு அடிச்ச மிச்சமா?"ன்னாரு. "இல்ல பெரியப்பா, கேட்டுக்கு அடிச்சது"ன்னேன், "ரெண்டும் ஒண்ணுதான் போ"ன்னுட்டுப் போயிட்டாரு. அவரு சின்ன வயசுல சைக்கிள் கடையில இருந்தவரு, நான் அப்பவே கேட்டிருக்கணும். ரெட் ஆக்சைடு எனாமல் சாதி, உள்ள காய நாளாகும், அது மேல ஸ்ப்ரே கேன் அடிச்சா அதுல இருக்கற காரமான தின்னர் அடியில இருக்கறதை இளக்கி விட்டுடுது. என் கண்ணு முன்னாடியே பெயிண்ட் சுருங்கி, ஆறின பால்ல ஆடை சுருளுமே அந்த மாதிரி சுருண்டுச்சு. லீவும் முடிஞ்சுது.

அடுத்த வாரம் வந்து மறுபடி ரிமூவர், மறுபடி உப்புத்தாள். இந்தத் தடவை பிரைமர், கலர், கடைசியா மேல அடிக்கற நிறமில்லாத கிளியர் மூணுமே ஒரே வகை ஸ்ப்ரே கேனா கிருஷ்ணகிரியில வாங்கிட்டு வந்தேன். மரை இருக்கற ஓட்டையில எல்லாம் துணியை அடைச்சு மாஸ்கிங் டேப் ஒட்டி, தின்னர் துணியால துடைச்சு, அப்புறம் வெறுங்கையால தொடவே இல்ல. மஞ்சளுக்கு மூடற சக்தி கம்மி, அடியில வெள்ளை இல்லன்னா அழுக்கு மஞ்சளாத்தான் நிக்கும்னு கடைக்காரரு சொன்னதால பிரைமர் மேல வெள்ளை ரெண்டு கோட்டு. ஒரு சாண் தள்ளி நின்னு, பைப்புக்கு வெளியவே அமுக்க ஆரம்பிச்சு, பைப்பைத் தாண்டிப் போய்த்தான் விரலை எடுக்கணும், ஒரே எடத்துல நின்னா ஒழுகிடும். இதெல்லாம் ஒழுங்கா பண்ணேன்.

எங்க தொங்க விட்டேன்னு கேளுங்க. மாமரத்துல. நிழல் இருக்கு, கிளை வசதியா இருக்கு, மஞ்சள் அடிச்சு முடிச்சுட்டு சோறு திங்கப் போனேன். தை கடைசி, மரம் பூரா பூ. பூ வந்தா தத்துப்பூச்சி வரும், அது பூவோட சாறை உறிஞ்சிட்டு தேன் மாதிரி பிசுபிசுன்னு கீழ சொட்ட விடும், இலையெல்லாம் எண்ணெய் தடவுன மாதிரி மினுங்கறது அதனாலதான். பொறந்ததுல இருந்து அந்த மரத்தடியில தான் வளந்தேன், அந்த நேரத்துல மட்டும் புத்திக்கு எட்டல. திரும்பி வந்து பாத்தா மேல் பைப்புல கடுகு தாளிச்ச மாதிரி புள்ளி புள்ளியா, நடுவுல ரெண்டு மூணு பூச்சியும் ஒட்டி செத்துக் கிடந்துச்சு. அம்மா வந்து பாத்துட்டு "செந்தூரான்னு சொன்ன, அழுகல் மாம்பழமாட்டம் இருக்கு"ன்னுட்டாங்க.

ஒரு வாரம் காய விட்டு 1000 நம்பர் வாட்டர் பேப்பர் தண்ணி தொட்டுத் தேய்ச்சேன், போன புள்ளி போக ஒண்ணு ரெண்டு இன்னும் இருக்கு. இந்தத் தடவை கொட்டாய்க்குள்ளயே, மாட்டை வெளிய கட்டிட்டு, தூசி எழும்பாம இருக்க தரையில தண்ணி தெளிச்சு, சாக்கைத் தொங்க விட்டு காத்தை மறைச்சுட்டு அடிச்சேன். சிவப்பை மட்டும் ரெண்டு சாண் தள்ளி நின்னு பனி மாதிரி தூவணும், ஒரே கோட்டுல சிவப்பாக்கணும்னு ஆசைப்பட்டா மஞ்சளோட சேர்ற எடம் கோடு போட்ட மாதிரி தெரியும். ஆறு கோட்டு ஆச்சு. அந்த சேர்ற எடம் மட்டும் நிஜமாவே பழம் மாதிரி வந்திருக்கு, தடவிப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

மொத்தம் 2,400 ரூபாய் கிட்ட ஆயிடுச்சு. பவுடர் கோட்டிங் பண்ற எடத்துல குடுத்திருந்தா 180 டிகிரி சூட்டுல சுட்டு, கல்லு பட்டாலும் லேசுல பேராத மாதிரி தந்திருப்பாங்க, ஆனா ஒரே கலர்தான்.

கிளியர் அடிச்சு பத்து நாள் தொடல. அரை மணி நேரத்துல கையில ஒட்டாதுதான், ஆனா அப்போ கிளாம்ப் போட்டு இறுக்கினா பெயிண்ட் அமுங்கிடும். போன ஞாயித்துக்கிழமை மாட்டி முடிச்சேன். பெரியப்பா சுத்திச் சுத்திப் பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, வீட்டுக்குப் போயி துணியில சுத்தி வெச்சிருந்த லைனிங் பிரஷ் எடுத்துட்டு வந்தாரு. முடி நீளமா, எலி வால் மாதிரி. வெள்ளை எனாமல்ல தொட்டு, சுண்டு விரலை பைப்புல ஊணிக்கிட்டு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. டேப் இல்ல, ஸ்கேல் இல்ல, நூல் பிடிச்ச மாதிரி கோடு. வலது பக்கம் முடிச்சதும் கண்ணுல தண்ணி வருதுடான்னு பிரஷ்ஷை மண்ணெண்ணெய்ல போட்டுட்டாரு. இடது பக்கம் அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லியிருக்காரு, அதுவரைக்கும் போட்டோ எல்லாம் வலது பக்கம்தான்.