எண்பதுக்குக் கீழே இறங்குமுன்: இங்கிலாந்தில் ஃபிளாட் லீஸை நீட்டித்த விதம்

லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் 7 பவுண்டு கட்டி எங்கள் ஃபிளாட்டின் பதிவேட்டு நகலை இறக்கினோம். அதில் தேவைப்பட்டது ஒரே வரி: 99 ஆண்டுகள், 25 டிசம்பர் 2006 முதல். லீஸ் பத்திரத்தின் முதல் பக்கத்தில் இருப்பதோ 2007 ஏப்ரல் தேதி. கணக்கு ஓடுவது பத்திரத் தேதியிலிருந்து அல்ல, அந்த டிசம்பரிலிருந்துதான். மார்ச் 25, ஜூன் 24, செப்டம்பர் 29, டிசம்பர் 25 என்ற பழைய வாடகைத் தவணை நாள் ஒன்றிலிருந்து லீஸைத் தொடங்கி எழுதுவது இங்கே வழக்கம். அப்படிப் பார்த்தால் எங்கள் லீஸ் 2105 டிசம்பரில் முடிகிறது. 80 ஆண்டுக் கோட்டைத் தொடுவது 2025 டிசம்பர் 25. பத்திரத் தேதியை நம்பியிருந்தால் 2026 ஏப்ரல் வரை நேரம் இருப்பதாக நினைத்துச் சும்மா இருந்திருப்போம்.

இந்த 80-க்கு ஏன் இவ்வளவு பதற்றம்? தமிழ்நாட்டில் அபார்ட்மென்ட் வாங்கினால் யூ.டி.எஸ். என்று நிலத்தில் ஒரு பங்கு பெயருக்கு வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் லீஸ்ஹோல்டு ஃபிளாட்டில் அது கிடையாது. வாங்குவது வருஷங்களை மட்டுமே. காலம் முடிந்தால் வீடு நிலத்தின் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருக்குப் போகும். வருஷம் குறையக் குறைய விலையும் இறங்கும், மோர்ட்கேஜ் கொடுப்பவர்களும் முகம் சுளிப்பார்கள். லீஸை நீட்டிக்கக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கும் நாளில் 80 ஆண்டுக்கு மேல் இருந்தால், ஃப்ரீஹோல்டருக்கு இரண்டு இழப்பை மட்டும் ஈடுகட்டினால் போதும்: நிலத்துக்காக ஆண்டுதோறும் நாம் கட்டி, இனி வராமல் போகும் கிரவுண்ட் ரென்ட்; வீடு அவரிடம் திரும்புவது தள்ளிப்போவது. 80-ஐத் தொட்டுவிட்டால் மூன்றாவதாக மேரேஜ் வேல்யூ சேரும். லீஸ் நீண்டதால் ஃபிளாட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அதில் முதல் இரண்டு ஈட்டையும் கழித்து, மிச்சத்தில் பாதி அவருக்கு.

எண்ணில் பார்த்தால் உறைக்கும். நீண்ட லீஸோடு 3,00,000 பவுண்டு பெறும் ஃபிளாட், ஆண்டுக்கு 250 பவுண்டு கிரவுண்ட் ரென்ட், மீதம் 80.3 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். அத்தனை ஆண்டு கிரவுண்ட் ரென்ட்டையும் 6 சதவீதத்தில் இன்றைய ஒரே தொகையாக்கினால் சுமார் 4,100 பவுண்டு. 80 ஆண்டு கழித்துத் திரும்ப வேண்டிய 3,00,000-ஐ 5 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 6,000. ஃபிளாட்டுகளுக்கு இந்த 5 சதவீதம் ஸ்போர்டெல்லி வழக்கில் நிலைத்தது. அதில் பேரம் பேச இடம் குறைவு. ஆக மொத்தம் ஏறத்தாழ 10,000 பவுண்டு. அதே ஃபிளாட்டில் மீதம் 79.7 ஆண்டு, இப்போதைய லீஸின் மதிப்பு 2,70,000 என்று சர்வேயர்கள் ஒத்துக்கொண்டால், கூடும் 30,000-இல் அந்த 10,000 சொச்சத்தைக் கழித்து, மிச்சத்தில் பாதியே சுமார் 9,900 வந்து தொகை 20,000-ஐத் தாண்டும். சில மாதத் தாமதத்துக்கு இருமடங்கு விலை.

1993-ஆம் ஆண்டின் லீஸ்ஹோல்டு சீர்திருத்தச் சட்டம் தரும் உரிமை இது: மீதமுள்ள காலத்தோடு 90 ஆண்டு சேரும், கிரவுண்ட் ரென்ட் பூஜ்யமாகும். லீஸ் முதலில் 21 ஆண்டுக்கு மேற்பட்டதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை 2025 ஜனவரி 31-இல் நீங்கிவிட்டது. மேரேஜ் வேல்யூவை ஒழித்து, நீட்டிப்பை 990 ஆண்டாக்கும் சட்டம் 2024 மே மாதமே நிறைவேறியது. ஆனால் நாங்கள் நோட்டீஸ் கொடுத்த 2025 செப்டம்பரில் அந்தப் பிரிவுகள் அமலுக்கு வரவில்லை. அதற்காகக் காத்திருக்கலாமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். லீஸில் ஏற்கெனவே 70 ஆண்டே மீதமிருந்து, விற்கும் எண்ணமும் இல்லாதவர் காத்திருப்பதில் நியாயம் உண்டு. 81, 82-இல் இருப்பவர் காத்திருப்பது சுத்த சூதாட்டம்.

நோட்டீஸெல்லாம் வேண்டாம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்று ஃப்ரீஹோல்டரின் ஏஜென்ட்டிடமிருந்து கடிதம் வரும். எல்லாமே மோசமில்லை, சட்டச் செலவு மிச்சமாகலாம். ஆனால் கடிதத்தில் எத்தனை ஆண்டு சேர்க்கிறார்கள் என்று பாருங்கள். "125 ஆண்டாக்குகிறோம்" என்றால் 80-லிருந்து 45 ஆண்டுதான் கூடுகிறது. 2022 ஜூன் 30-க்குப் பிறகு பேசி நீட்டிக்கும் லீஸில், பழைய காலம் முடியும்வரை பழைய கிரவுண்ட் ரென்ட்டை ஃப்ரீஹோல்டர் தொடர்ந்து வாங்கலாம். நீட்டித்த காலத்துக்குத்தான் பூஜ்யம். சட்டப்படி போனால் முதல் நாளிலிருந்தே பூஜ்யம். இன்னொன்று: பேசிக்கொண்டே இருப்பதால் கடிகாரம் நிற்காது. எத்தனை ஆண்டு மீதம் என்று கணக்கிடும் மதிப்பீட்டு நாளை நிலைப்படுத்துவது 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவு நோட்டீஸ் ஒன்றுதான். நோட்டீஸைக் கொடுத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

முதலில் பிடிக்க வேண்டியது சர்வேயரை. மோர்ட்கேஜ் மதிப்பீடு செய்பவர் போதாது, லீஸ் நீட்டிப்பு பேரம் பேசிப் பழகியவர் வேண்டும். அவர் ஒரே எண்ணைத் தரமாட்டார். நல்லபடி முடிந்தால் இவ்வளவு, மோசமாகப் போனால் இவ்வளவு என்று ஒரு வரம்பைத் தருவார். நோட்டீஸில் நாம் தரும் விலையை அந்த வரம்பின் கீழ்முனைக்குச் சற்றுக் கீழே போடுவது வழக்கம். அதற்காக ஒப்புக்கு ஒரு தொகை எழுதக்கூடாது. 100 பவுண்டு என்று போட்ட ஒரு நோட்டீஸ் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. செலவுக் கணக்கில் பலர் மறப்பது: 60-ஆம் பிரிவின்படி ஃப்ரீஹோல்டரின் நியாயமான வக்கீல், சர்வேயர் செலவும் நம் தலையில்தான். பேரத்துக்கும், விலைத் தகராறைத் தீர்க்கும் டிரைபியூனலுக்கும் அவர் செய்யும் செலவு மட்டும் அதில் சேராது.

நோட்டீஸ் யாருக்குப் போக வேண்டும் என்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். கிரவுண்ட் ரென்ட் கேட்டுக் கடிதம் போடுபவர் வெறும் ஏஜென்ட்டாக இருக்கலாம். ஃப்ரீஹோல்டருக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஹெட் லீஸ் (அவரிடம் லீஸுக்கு எடுத்து நமக்கு லீஸ் தந்தவர்) இருந்தால், 90 ஆண்டு கூட்டித் தரும் அளவுக்கு நீண்ட உரிமை யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான் நோட்டீஸ்; மற்றவருக்கு நகல். சந்தேகமிருந்தால் 41-ஆம் பிரிவின்கீழ் விவரம் கேட்கலாம், 28 நாளில் பதில் தர வேண்டும். இரண்டு பெயரில் வாங்கிய ஃபிளாட் என்றால் நோட்டீஸும் இருவர் பெயரிலும். ஃப்ரீஹோல்டரையே கண்டுபிடிக்க முடியாவிட்டால் கவுன்ட்டி கோர்ட்டில் உத்தரவு வாங்கும் வழி உண்டு, அது தனிப்பாதை. தபாலை நம்பி டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அனுப்புவது அபத்தம். கிறிஸ்துமஸுக்கு அலுவலகமே பூட்டியிருக்கும்.

நோட்டீஸ் போனதும் அதை லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் ஃப்ரீஹோல்டு பதிவின் மேல் குறிக்கச் சொல்லுங்கள். நடுவில் அவர் கட்டடத்தை விற்றால் புதியவரையும் அது கட்டுப்படுத்தும். அதன்பின் தேதிகள். ஃப்ரீஹோல்டர் உரிமைச் சான்று கேட்டால் நாம் 21 நாளில் கொடுக்க வேண்டும். டெபாசிட் கேட்டால் 14 நாள். நோட்டீஸ் தொகையில் 10 சதவீதம் அல்லது 250 பவுண்டு, எது அதிகமோ அது. கவுண்டர் நோட்டீஸுக்கு, அதாவது அவருடைய பதில் நோட்டீஸுக்கு, குறைந்தது இரண்டு மாதம் தந்திருப்போம். அந்தத் தேதியை அவர் தவறவிட்டால் நாம் போட்ட விலையிலேயே லீஸ் கேட்டு ஆறு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போகலாம். அதனால்தான் முதல் தொகையைச் சிந்தித்துப் போட வேண்டும் என்பது.

கவுண்டர் நோட்டீஸ் வந்தபின் இரண்டு மாதம் பேரத்துக்கு. ஒத்துவராவிட்டால், கவுண்டர் நோட்டீஸ் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஃபர்ஸ்ட்-டியர் டிரைபியூனலில் மனு போட்டாக வேண்டும். இந்தக் கெடுவுக்கு நீட்டிப்பு கிடையாது. "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, அடுத்த வாரம் பதில் சொல்கிறோம்" என்று இழுத்தடிக்கும்போது பலர் இந்தத் தேதியை விட்டுவிடுகிறார்கள். விட்டால் நோட்டீஸ் வாபஸானதாகக் கருதப்படும், 12 மாதம் புதிய நோட்டீஸ் கொடுக்க முடியாது, அவர் செலவையும் நாம் கட்ட வேண்டும். அதற்குள் 80-ஐத் தாண்டிக் கீழே போயிருப்போம். பேச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் மனுவைப் போட்டுவையுங்கள். பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே ஒத்துப்போய்விடும்.

விலை படிந்ததும் டிராஃப்ட் லீஸ் வரும். அதில் புதுக் கட்டணங்கள், செல்லப்பிராணித் தடை, உள்வாடகைக்கு அனுமதிக் கட்டணம் என்று நுழைத்துப் பார்ப்பார்கள். 57-ஆம் பிரிவின்படி பழைய நிபந்தனைகளே தொடர வேண்டும். தேவையான திருத்தங்களுக்கு மட்டும் இடம். அடித்துத் திருப்பி அனுப்பலாம். எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகும் இரண்டு மாதத்தில் லீஸ் கையெழுத்தாகாவிட்டால், அடுத்த இரண்டு மாதத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இங்கே தூங்கினாலும் நோட்டீஸ் வாபஸானதாகிவிடும். சர்வீஸ் சார்ஜ் பாக்கி இருந்தால் முடிக்கும் நாளில் அதைத் தீர்க்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

நடுவில் விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் ஒன்று. வாங்கியவுடன் நோட்டீஸ் கொடுக்கலாம் என்பது காகிதத்தில் சரி. ஆனால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் பெயர் ஏறிய பிறகே கொடுக்க முடியும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். லீஸ் 80-ஐ நெருங்கினால், விற்பவர் நோட்டீஸ் கொடுத்து அதன் பலனை லீஸோடு சேர்த்தே வாங்குபவருக்கு எழுதிக்கொடுப்பதுதான் பத்திரம். இதைக் கான்ட்ராக்டிலேயே எழுத வேண்டும். பலனை எழுதாமல் லீஸ் மட்டும் கைமாறினால் நோட்டீஸ் செத்துவிடும். விற்பனையின்போது ஃப்ரீஹோல்டர் தரப்பு நிரப்பித் தரும் எல்.பி.இ.1 படிவத்தில், பெரிய மராமத்துக்கான (இது வேறு சட்டம்) 20-ஆம் பிரிவு அறிவிப்பு இருக்கிறதா என்றும் வாங்குபவர் பார்க்க வேண்டும். ஒரு ஃபிளாட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் விழும் வேலைக்கு அந்த அறிவிப்பு கட்டாயம். கூரை மாற்றும் பில் புதியவர் தலையில்தான் விழும்.

சட்டப்படியான நீட்டிப்பில் மோர்ட்கேஜ் தானாகப் புது லீஸின்மேல் ஏறிவிடும். பேசி நீட்டித்தால் வங்கியின் சம்மதமும் தனிப் பத்திரமும் வேண்டும். பிரீமியம், அதாவது நீட்டிப்புக்கு நாம் கட்டும் விலை, 40,000 பவுண்டைத் தொட்டால், வரி வராவிட்டாலும் 14 நாளில் ஸ்டாம்ப் டியூட்டி ரிட்டர்ன் போட வேண்டும். பதிவு முடிந்து புது டைட்டில் எண் வந்ததும் இன்னொரு 7 பவுண்டு கட்டி நகல் எடுத்துப் பாருங்கள்: முடிவுத் தேதியில் 90 ஆண்டு முழுதாகக் கூடியிருக்கிறதா, மோர்ட்கேஜ் மாறியிருக்கிறதா, பார்க்கிங் இடமும் ஸ்டோர் அறையும் விட்டுப்போகாமல் வந்திருக்கின்றனவா என்று.