மணி என்றால் திரும்பிக்கூடப் பார்க்காத நாய்

எங்கள் மாந்தோப்பு காவேரிப்பட்டணத்துக்குக் கொஞ்சம் வெளியே. பெரும்பாதி பெங்களூரா ரக மாமரம், ஓரத்தில் பத்துப் பதினைந்து நீலம். நாலு கொல்லை தாண்டினால் 44ஆம் நம்பர் நெடுஞ்சாலை. ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரி வரைக்கும் போகிற அதே சாலைதான்.

ஆனி மாதம், அறுப்பு நேரம். ஆறு மாதக் குட்டியான எங்கள் மணி ஒரு மயிலைத் துரத்திக்கொண்டு அந்தச் சாலைவரை போய்விட்டான். "மணீ, மணீ" என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். நான் ஓட ஓட அவனுக்குக் குஷி, இன்னும் வேகமாக ஓடினான். மாங்காய் லோடு டெம்போ ஒன்று கிறீச்சென்று நின்றது. ஓட்டியவர் என் வம்சத்தையே திட்டிவிட்டுப் போனார், நியாயம்தான். மணி தானாகத் திரும்பி என் காலடிக்கு வந்தான். எனக்கு இருந்த பயத்தில் அவன் முதுகில் இரண்டு வைத்தேன்.

அதற்கப்புறம் எப்போது கூப்பிட்டாலும் பத்தடி தள்ளி நின்று வாலை ஆட்டுவான், கிட்டே வரமாட்டான். அவன் கணக்கு சரிதானே. மயிலைத் துரத்தியதற்கு அடி விழவில்லை, என்னிடம் வந்ததற்குத்தான் விழுந்தது.

வெறிநாய்த் தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டரிடம் புலம்பினேன். "எதுக்கெல்லாம் கூப்பிடுவீங்க?" என்றார். சங்கிலியில் கட்ட, குளிப்பாட்ட, உண்ணி பிடுங்க, ராத்திரி உள்ளே அடைக்க என்று அடுக்கினேன். "நானா இருந்தாலும் வரமாட்டேங்க" என்றார்.

பேரிலும் கோளாறு இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது "மணி என்ன?" என்று யாராவது கேட்பார்கள். அம்மாவுக்கு சீரியல், அப்பாவுக்கு கரண்டு வரும் நேரம், தங்கைக்கு பஸ். நாய்க்கு அது காற்றில் வருகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். கெட்டுப்போன வார்த்தையைப் பழுது பார்க்காதே, புதுசாக ஒன்று வை என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். "ஓடியா" என்று முடிவு செய்தோம். இழுத்துக் கத்தினால் தோப்பின் அந்தக் கோடிக்குக் கேட்கும்.

வீட்டில் ஒரே சட்டம்: அந்த வார்த்தையைச் சொன்னால் கையில் தீனி இருக்க வேண்டும், கட்டுவதற்கோ குளிப்பாட்டுவதற்கோ சொல்லக் கூடாது. அதற்கெல்லாம் நாம்தான் நடந்து போய்க் கூட்டி வர வேண்டும். தீனி என்றால் கோழி ஈரல். உப்பு, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, புளியங்கொட்டை அளவுக்கு நறுக்கியது. வெங்காயம் நாய்க்கு ஆகாது. ஈரலும் அளவோடுதான். "நாய்க்கு ஈரலு, எனக்குக் களியா?" என்று அப்பா ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதல் பத்து நாள் வீட்டு வாசலோடு சரி. இரண்டடி தூரத்தில் நிற்பவனை "ஓடியா" என்பேன், வாயில் ஈரல். அடுத்த அறையிலிருந்து, பிறகு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து. சாப்பாட்டுக்கு முன்னால்தான் பழக்கம். இது தெரியாமல் ஆயா காலையிலேயே ஒரு உருண்டை களியைப் போட்டுவிடுவாள், அன்றைக்கு அவன் என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான். ஆயாவை வழிக்குக் கொண்டுவந்ததுதான் இதில் கஷ்டமான வேலை. நாய் தேவலை.

தோப்புக்குள் போனதும் முப்பதடிக் கயிறு. முதலில் நைலான் கயிறு வாங்கி உள்ளங்கை தோல் உரிந்தது, பிறகு மாட்டுக்கு வாங்கும் பருத்திக் கயிற்றுக்கு மாறினேன். கழுத்துப் பட்டையில் கட்டினால் வேகமாக ஓடி இழுபடும்போது கழுத்து போய்விடும், அதனால் நெஞ்சோடு சுற்றிப் போடும் பெல்ட் வாங்கினேன். கயிறு இழுப்பதற்கு இல்லை, ஓடிவிடாமல் இருக்க மட்டும். கூப்பிடுவது ஒரே தடவை. வராவிட்டால் இரண்டாம் தடவை கிடையாது, அவனுக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். நாற்பது வயதில் மாமரங்களுக்கு நடுவே தனியாக ஓடுகிறவனைப் பார்த்து பக்கத்துக் கொல்லைக்கார அண்ணன், "இன்னா தம்பி, பேய் தொரத்துதா?" என்றார். ஆனால் மணி துரத்தினான். நாம் துரத்தினால் ஓடுகிற பிராணி, நாம் ஓடினால் துரத்தும். அன்றைக்கு நெடுஞ்சாலையில் எனக்குத் தெரியாமல் போனது இதுதான்.

இன்னொன்று, வந்தவனுக்குத் தீனி கொடுத்து, பட்டையை லேசாகத் தொட்டுவிட்டு, மறுபடி விளையாட விட்டுவிடுவேன். பத்துக்கு எட்டு முறை அப்படித்தான். வந்தால் ஆட்டம் முடிந்தது என்று நாய் நினைத்துவிடக் கூடாது.

ஆவணிக் கடைசியில் நன்றாகவே வந்துகொண்டிருந்தான். புரட்டாசி பிறந்தது. பெருமாள் மாதம், வீட்டுக்குள் ஈரலும் கிடையாது, முட்டையும் கிடையாது. உப்பில்லாமல் அவித்த வேர்க்கடலை கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஒன்பது மாதம் வேறு, மனிதப் பிள்ளைகளில் விடலைப் பருவத்துக்காரன் மாதிரி. கூப்பிட்டால் காது மட்டும் திரும்பும், உடம்பு திரும்பாது. இந்த லட்சணத்தில் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை "ஓடியா" என்று ஆசையாகக் கூப்பிட்டுத் தலையில் தண்ணீர் ஊற்றிவிட்டாள். இரண்டு மாத உழைப்பு அந்தச் சொம்போடு போயிற்று என்றே நினைத்தேன்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பழைய குண்டானில் ஈரல் வேகவைத்தேன். பெருமாள் மன்னிக்கட்டும். கயிற்றை மறுபடி மாட்டி, இரண்டடி தூரத்திலிருந்து ஆரம்பம். இந்தத் தடவை சீக்கிரம் ஏறியது, பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டோம். அப்புறம் தீனியின் அளவையும் மாற்றினேன். ஒரு நாள் ஒரு துண்டு, ஒரு நாள் தடவல் மட்டும், திடீரென்று ஒரு நாள் கை நிறைய. என்ன கிடைக்கும் என்று தெரியாததால் இன்னும் வேகமாக வந்தான்.

கார்த்திகையில் முதல் முறையாகக் கயிறு இல்லாமல் விட்டேன். கீரி ஒன்று வேலிக்குள் நுழைந்தது, பின்னாலேயே மணி. "ஓடியா" என்றேன், ஒரே தடவை. நின்றான். வேலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மண் பறக்க வந்து முழங்காலில் மோதினான்.

மயில் என்றால் மட்டும் இன்னும் பத்துக்கு நாலு தடவை காது கேட்பதில்லை. அதனால் சாலைப் பக்கம் போகும்போது கயிறு உண்டு. அப்பா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து "மணி என்ன?" என்று கேட்பார். காலடியில் படுத்திருப்பவன் கண்ணைக்கூடத் திறப்பதில்லை.