மூன்று படுக்கைகளும் ஏழு பேரும்

அறவியல் கோட்பாடுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், தடம் மாறி ஓடும் டிராம் வண்டி போன்ற கற்பனைக் கதைகளையே எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அவற்றைவிட, உண்மையாகவே நடந்ததும் உண்மையான மனிதர்களின் உயிரைத் தீர்மானித்ததுமான ஒரு நிகழ்வு பொருத்தமாகத் தோன்றுகிறது. 1962ஆம் ஆண்டு ஜனவரியில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கென்றே ஒரு டயாலிசிஸ் மையம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அங்கே இருந்தவை மூன்று படுக்கைகள் மட்டுமே.

அதற்கு முன்பும் டயாலிசிஸ் இயந்திரம் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் தமனியையும் சிரையையும் புதிதாக வெட்டித் திறக்க வேண்டியிருந்ததால், சில முறைகளுக்குள் பயன்படுத்தத்தக்க இரத்தக்குழாய்களே இல்லாமல் போய்விடும். 1960இல் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர் முன்கையின் தமனியில் ஒரு குழாயையும் சிரையில் ஒரு குழாயையும் நிலையாகப் பொருத்தி, சிகிச்சை இல்லாத நேரத்தில் இரண்டையும் தோலுக்கு வெளியே வளைந்த டெஃப்லான் குழாயால் இணைத்துவிட்டார். டெஃப்லானில் இரத்தம் எளிதில் ஒட்டாது. இந்த முறையில் முதலில் சிகிச்சை பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் என்ற இயந்திரத் தொழிலாளி, அதன் பிறகு பதினோரு ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். சாவு நிச்சயம் என்றிருந்த நோய்க்கு ஒரே ஆண்டில் வழி பிறந்துவிட்டது. ஆனால் அந்த வழியில் எல்லோரும் செல்ல இடமில்லை.

எனவே இரண்டு கட்டத் தேர்வு ஏற்படுத்தப்பட்டது. முதலில் மருத்துவர்கள் உடல்நிலையைப் பார்த்துத் தகுதியானவர்களைப் பிரித்தார்கள். அடுத்து, பெயர் வெளியிடப்படாத ஏழு பேர் கொண்ட ஒரு குழு அவர்களில் யாருக்கு இடம் என்று முடிவு செய்தது. ஒரு வழக்கறிஞர், ஒரு கிறித்தவப் போதகர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். வயது, பாலினம், திருமண நிலை, பிள்ளைகள், வருமானம், சேமிப்பு, கல்வி, தொழில், மன உறுதி, இதுவரை செய்தது, இனிச் செய்யக்கூடியது என அனைத்தையும் அவர்கள் எடைபோட்டார்கள். 1962 நவம்பரில் 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை வழியாக அந்த விவாதங்கள் வெளியே வந்தன. நோயாளி இறந்தால் அவருடைய மனைவி மறுமணம் செய்துகொள்ள எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது, ஆறு பிள்ளைகள் உள்ளவளுக்கா, மூன்று பிள்ளைகள் உள்ளவளுக்கா அது எளிது என்பது வரைக்கும் அந்த மேசையில் பேசப்பட்டிருக்கிறது. பேசியவர்கள் கொடியவர்கள் அல்லர். தங்களிடம் ஒப்படைக்கப்பட்ட கடினமான வேலையை நேர்மையாகச் செய்ய முயன்ற நல்லவர்கள் என்பதே என் எண்ணம். அதனாலேயே அவர்கள் எங்கே தவறினார்கள் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவர்கள் கைக்கொண்டது, பெயர் சொல்லாமலே, பயன்பாட்டுவாதம். ஒரு செயலின் விளைவாக உலகில் விளையும் மொத்த நன்மையே அச்செயலின் சரி தவறைத் தீர்மானிக்கும் என்று ஆங்கிலேயத் தத்துவவாதிகளான பெந்தாமும் மில்லும் சொன்னார்கள். மூன்று படுக்கைகளால் அதிக நன்மை விளைய வேண்டும் என்று நினைப்பதில் தவறு எதுவுமில்லை. ஆனால் ஒரு வேதியியலாளர், ஒரு கணக்காளர், ஒரு விமானத் தொழிலாளி ஆகியோரில் யார் எதிர்காலத்தில் உலகுக்கு அதிக நன்மை செய்வார் என்பதை எவராலும் கணிக்க முடியாது. கணக்குப் போடத் தேவையான தரவு இல்லாத இடத்தை, குழுவினர் தங்களை ஒத்தவர்களின் சாயலால் நிரப்பினார்கள்: மணமானவர், நிலையான வேலையில் இருப்பவர், தேவாலயப் பணிகளில் ஈடுபடுபவர். இந்த அளவுகோலின்படி அமெரிக்க எழுத்தாளர் தோரோவைப் போன்ற ஒரு தனிமை விரும்பிக்குச் சிறுநீரகம் கெட்டால் அங்கே இடம் கிடைத்திருக்காது என்று 1968இல் ஒரு சட்ட இதழ்க் கட்டுரை சுட்டிக்காட்டியது. ஒவ்வொருவரையும் ஒருவராகவே எண்ண வேண்டும், எவரையும் ஒன்றுக்கு மேற்பட்டவராக எண்ணக் கூடாது என்ற பெந்தாமின் விதியே அங்கு மீறப்பட்டது என்றும் சொல்லலாம்.

1785இல் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் எழுதிய ஒரு வேறுபாடு இந்த இடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. சிலவற்றுக்கு விலை உண்டு. அவற்றுக்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மனிதருக்கு இருப்பது விலையன்று, மாண்பு. அதற்கு ஈடு கிடையாது. ஒரு சிகிச்சையால் இந்த உடலுக்குப் பயன் உண்டா என்று கேட்பது வேறு. இந்த மனிதர் சிகிச்சை அளிக்கும் அளவுக்குப் பெறுமானம் உள்ளவரா என்று கேட்பது வேறு. முதல் கேள்வியை மருத்துவர்கள் கேட்டாக வேண்டும். இரண்டாவதைக் கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

அப்படியானால் தகுதியுள்ள ஐந்து பேருக்கு ஒரே படுக்கை இருக்கும்போது என்ன செய்வது? 1970இல் ஜேம்ஸ் சைல்ட்ரெஸ், பால் ராம்சி ஆகிய அறவியலாளர்கள் சொன்ன விடை சீட்டுக் குலுக்கல் அல்லது வரிசை. உயிரைச் சீட்டில் விடுவதா என்று முதலில் பதறத் தோன்றும். ஆனால் சீட்டில் பெயர் வராதவருக்கு, 'நீ மற்றவரைவிடக் குறைந்தவன்' என்று யாரும் சொல்வதில்லை. அவர் சாவை எதிர்கொள்ளலாம், அவமானத்தை எதிர்கொள்வதில்லை. என்னை இந்தப் பக்கம் நிறுத்துவது இந்த ஒரு காரணம்தான்.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு: ஒருவரால் பிறருக்கு விளையும் பயனைப் பார்த்து முன்னுரிமை தருவது சில வேளைகளில் சரிதானே என்பது அது. 2021 ஜனவரியில் இந்தியாவில் கொரோனா தடுப்பூசி முதலில் மருத்துவப் பணியாளர்களுக்கே போடப்பட்டது. அதை யாரும் அநீதி என்று சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். செவிலியருக்கு ஊசி போடுவதால் அதே நோயில் விழுந்த மற்றவர்கள் காப்பாற்றப்படுகிறார்கள்; அது தெளிவான, எல்லைக்குட்பட்ட, சரிபார்க்கக்கூடிய பயன். அவர் நல்ல தாயா, வரி கட்டுபவரா என்ற கேள்வியே அங்கு எழவில்லை.

அரிஸ்டாட்டில் வழிவந்த பண்புசார் அறம், முடிவெடுப்பவரின் மீது பார்வையைத் திருப்புகிறது. பெயர் மறைக்கப்பட்டது குழுவினரை நெருக்கடியிலிருந்து காத்தது. மறுக்கப்பட்டவரின் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டிய கடமையிலிருந்தும் அவர்களை விடுவித்தது. 'உங்கள் மனைவிக்கு மறுமணம் எளிது' என்று நேரில் சொல்ல முடியாத காரணத்தை மூடிய அறையிலும் சொல்லியிருக்கக் கூடாது.

என் சித்தப்பாவுக்குத் துணையாக நான் போகும் டயாலிசிஸ் பிரிவில், வந்தவுடன் எடை பார்ப்பார்கள். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் தோலுக்கு அடியில் இணைத்த ஃபிஸ்டுலா உள்ள கையில் விரல் வைத்து இரத்த ஓட்டத்தின் அதிர்வைத் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு ஊசிகளைச் செருகி நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைத்துவிடுவார்கள். பக்கத்துப் படுக்கையில் ஒருநாள் ஆட்டோ ஓட்டுநர், இன்னொரு நாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அங்கே கேட்கப்படுவது கடந்த முறையைவிட எத்தனை கிலோ கூடியிருக்கிறது என்பது மட்டும்தான். சித்தப்பாவுக்கு மனைவியும் இல்லை, பிள்ளைகளும் இல்லை, சேமிப்பும் இல்லை. சியாட்டில் குழுவின் பட்டியலில் அவர் எந்த இடத்தில் இருந்திருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் அந்தச் சிக்கலை முடித்துவைத்தது எந்தக் கோட்பாடும் அன்று. 1972 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வயதானாலும் அரசுக் காப்பீட்டில் டயாலிசிஸ் கிடைக்க வழி செய்தது. படுக்கைகள் மூன்றாக இருந்ததும் ஒரு முடிவே, அதுவும் பணம் சார்ந்த முடிவு என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. 'யாருக்கு?' என்று ஏழு பேர் திணறிக்கொண்டிருந்தபோது, 'ஏன் மூன்று மட்டும்?' என்பதுதான் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டிய அறக் கேள்வி.

மாற்றுச் சிறுநீரகத்தை மட்டும் எந்தச் சட்டத்தாலும் உற்பத்தி செய்ய முடியாது. தமிழ்நாட்டில் 2008 முதல் நடைமுறையில் உள்ள உறுப்புக்கொடைத் திட்டத்தில், மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம் இரத்த வகையும் பதிவு வரிசையும் பார்த்தே ஒதுக்கப்படுகிறது. தொழிலும் பிள்ளைகளும் கணக்கில் வருவதில்லை. இந்த முறையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் வரிசை நியாயமாக இருக்க, அதில் நிற்கும் வாய்ப்பும் எல்லோருக்கும் இருக்க வேண்டும். பதிவு செய்வதற்கு முன் செய்துகொள்ள வேண்டிய பரிசோதனைகளுக்கு அலைய ஆளும் பயணச் செலவும் வேண்டும். சித்தப்பாவின் பெயரைப் பதிவு செய்ய என்னால் அலைய முடிந்தது; அந்த ஆட்டோ ஓட்டுநரின் பெயர் இன்னும் பதிவாகவில்லை.